தங்கையைக் கொன்ற நோயுடன் போராடிய டாக்டர் முத்துலட்சுமி

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். யாரும் விதை போடாத இடத்தில் வெள்வேலா மரம் முளைத்து நிற்கும்.

அது எப்படி வந்தது?

எங்கோ ஒரு மரத்தடியில் செம்மறி ஆடு காய்களைத் தின்கிறது. பிறகு கிளுவை வேலி தாண்டி அடுத்த காட்டுக்குப் போகிறது. அங்கே புழுக்கை போடுகிறது. புழுக்கைக்குள் செரிக்காத விதை கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் முளைத்துவிடுகிறது. மரம் நிற்பது ஓர் இடம். விதை வந்ததோ வேறு இடம்.

மனித உடம்புக்குள்ளும் இப்படி இடம் விட்டு இடம் போய் முளைக்கிற நோய் ஒன்று உண்டு. அதுதான் புற்றுநோய்.

குடலில் பிறந்த புற்று, பெண்ணின் சினைப்பையில் போய் வளரும். இரைப்பையில் பிறந்ததும் அங்கே போகும். மார்பில் பிறந்ததும் போகும். பார்க்கிறவர்கள் சினைப்பையில்தான் நோய் என்று நினைத்துவிடுவார்கள். வேர் வேறு எங்கோ இருக்கும்.

நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தன் வீட்டிலேயே பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். அந்த வேதனையை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்ததற்குக் காரணமே அந்த வேதனைதான்.

அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், கல்லூரி முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். இந்தக் கல்யாணத்தால் நாராயணசாமி அய்யரை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும். முத்துலட்சுமிக்குப் படிப்பில் தீராத ஆசை. தந்தை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் தேறியதும் கல்லூரியில் சேர மனுப் போட்டார்.

ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண் உட்காருவதா என்று பேசினார்கள். புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டார். அந்த ஓர் உத்தரவு இல்லை என்றால் இந்தக் கதையே இல்லை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பட்டம் பெற்றார். பதக்கங்களும் பரிசுகளும் குவிந்தன. எழும்பூர் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் வேலை கிடைத்தது. அந்த வேலையை அங்கே பார்த்த முதல் பெண் அவர்தான்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன்பே ஒரு நிபந்தனை விதித்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்பதுதான் அது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

சீதபேதி என்றார்கள்

முத்துலட்சுமிக்கு சுந்தராம்பாள் என்று ஒரு தங்கை. அக்காளுக்கு அவர் மேல் உயிர்.

சுந்தராம்பாளுக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. சீதபேதி என்று முடிவு செய்து மருந்து கொடுத்தார்கள். நோய் குறையவில்லை. உடம்பு உருகிக்கொண்டே வந்தது.

கடைசியில்தான் உண்மை தெரிந்தது. அது சீதபேதி அல்ல. மலக்குடலில் புற்றுநோய்.

தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே சுந்தராம்பாள் கண் மூடினார். அருகில் இருந்து பார்த்தவர் அக்காள். அவரே டாக்டர். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

மலக்குடல் புற்றும் சீதபேதியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் இரத்தம் போகும். இரண்டிலும் சளி போகும். அடிக்கடி மலம் கழிக்கத் தோன்றும். நம் பக்கத்தில் இதையே மூலம் என்பார்கள், மூலச்சூடு என்பார்கள். மோரும் வெந்தயமும் கொடுத்துப் பார்ப்பார்கள். மாதங்கள் ஓடிவிடும். உள்ளே புற்று வளர்ந்துகொண்டிருக்கும்.

அந்த மாதங்களில்தான் விதை வேலி தாண்டுகிறது.

சினைப்பைக்குப் போகும் வழி

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை இருக்கிறது. வாதுமைக் கொட்டை அளவுதான். மாதம் ஒரு முட்டையை முதிரவிடுவது அதன் வேலை. அதனால் அதற்கு இரத்த ஓட்டம் அதிகம். மாதவிலக்கு நிற்காத வயதில் இன்னும் அதிகம்.

குடலிலோ இரைப்பையிலோ உள்ள புற்றிலிருந்து சில அணுக்கள் கழன்று விழுகின்றன. சில இரத்தத்தோடு போகும். சில நிணநீர்க் குழாய் வழியாகப் போகும். இன்னும் சில, குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றறைக்குள் உதிர்ந்து, அங்குள்ள ஈரத்தில் மிதந்துபோய் ஒட்டிக்கொள்ளும்.

கழன்ற அணு எல்லாம் முளைத்துவிடுமா? முளைக்காது. கொரங்காட்டில் விழுந்த விதை எல்லாம் மரமாகிவிடுகிறதா? பாறையில் விழுந்தது காய்ந்து போகும். மண் ஒத்துவந்தால்தான் முளைக்கும்.

1889-ல் லண்டனில் ஸ்டீபன் பாகெட் என்ற சர்ஜன் இதே கருத்தைச் சொன்னார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அவர் பார்த்தார். நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவவில்லை. சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. புற்று அணுவை விதை என்றும், அது தங்கும் உறுப்பை மண் என்றும் அவர் விளக்கினார். நம் விவசாயிகளுக்கு இதைப் புரியவைக்கப் படிப்பு வேண்டியதில்லை.

சினைப்பை அப்படிப்பட்ட ஒரு மண். அங்கே விழுந்த விதை வேகமாக வளரும். எவ்வளவு வேகம் என்றால், பிறந்த இடத்தில் இருக்கும் புற்று சிறு புண்ணாக இருக்கும்போதே சினைப்பை தேங்காய் அளவுக்கு வீங்கிவிடுவது உண்டு. குடலில் எந்த வலியும் தெரியாது. பெண் அடிவயிறு கனக்கிறது என்று டாக்டரிடம் வருவாள். சில பேருக்கு வயிற்றில் நீர் கட்டிவிடும்.

அப்போது டாக்டர் சினைப்பையை மட்டும் பார்த்தால், நோயின் பாதியைத்தான் பார்க்கிறார்.

நிபுணரும் ஏமாந்தார்

இதில் பெரிய படிப்பாளிகளும் ஏமாந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியில் பிரீட்ரிக் குரூக்கன்பர்க் என்ற இளைஞர் இருந்தார். 1896-ல் அவர் சினைப்பையில் வரும் ஒரு விசித்திரமான கட்டியைப் பற்றி எழுதினார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதன் அணுக்கள் முத்திரை மோதிரம் போல் இருந்தன. அணுவுக்குள் சளி நிறைந்து, நடுவில் இருக்க வேண்டிய கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. வளையமும் அதன் ஓரத்தில் கல்லும் போன்ற தோற்றம்.

இது சினைப்பையிலேயே பிறக்கும் புதுவகைக் கட்டி என்று அவர் முடிவு கட்டினார்.

முடிவு தவறு. 1902-ல் ஷ்லாகன்ஹாஃபர் என்பவர் உண்மையை எடுத்துக்காட்டினார். அந்தக் கட்டி சினைப்பையில் பிறந்ததல்ல. பெரும்பாலும் இரைப்பையிலிருந்து குடியேறி வந்தது. சளி சுரப்பது இரைப்பை, குடல் சுவரின் குணம். ஊர் மாறினாலும் அந்த அணு பழைய குணத்தை விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், குரூக்கன்பர்க் பிறகு கண் டாக்டராகிவிட்டார். 1946 வரை உயிரோடு இருந்தார். அவர் தவறாகப் புரிந்துகொண்ட கட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்ததைச் சரியாகவே வரைந்து வைத்தார். அணு எங்கிருந்து வந்தது என்று கேட்க மட்டும் தவறிவிட்டார். சுந்தராம்பாளுக்கு மருந்து கொடுத்தவர்களும் பேதியைப் பார்த்தார்கள். அதன் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

இன்று வேரைத் தேட வழி இருக்கிறது. மாட்டுக்குச் சூடு போட்டுக் குறி வைப்பார்கள் அல்லவா? மாடு எந்தச் சந்தைக்குப் போனாலும் எந்தப் பட்டியில் பிறந்தது என்று குறியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் அப்படிக் குறி உண்டு. நம் நகத்தில் உள்ள கெராட்டின் இனத்தைச் சேர்ந்த புரதங்கள் அணுவுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். சினைப்பையில் பிறந்த புற்று பெரும்பாலும் 7-ம் நம்பர் குறியைக் காட்டும். பெருங்குடலில் பிறந்தது பெரும்பாலும் 20-ம் நம்பர் குறியைக் காட்டும். சதைத் துணுக்கில் தனித்தனிச் சாயம் ஏற்றிப் பரிசோதனைச்சாலையில் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. இரண்டு சினைப்பையும் ஒரே சமயத்தில் வீங்கியிருந்தால், வெளியிலிருந்து வந்ததோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். உடனே இரைப்பைக்குள்ளும் பெருங்குடலுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். மார்பையும் சோதிப்பார்கள். குடலில் புற்று என்று ஆபரேஷன் செய்யும்போது, பெண்ணாக இருந்தால் சினைப்பையையும் ஒரு முறை பார்த்துவிடுவார்கள்.

வேர் தெரிந்தால்தான் எந்த மருந்து என்பது தெரியும். குடல் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. சினைப்பைப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. பரவிவிட்ட பிறகு வைத்தியம் கடினம்தான். ஆனால் குடலில் மட்டும் இருக்கும்போதே பிடித்துவிட்டால் குணமாகிறவர்கள் ஏராளம்.

லண்டன் பயணம், சட்டசபை

தங்கை போன துக்கத்தில் முத்துலட்சுமி முடங்கிவிடவில்லை. 1925-ல் லண்டன் போனார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படித்தார். புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதை அங்கே கண்டார். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

ஆனால் ஊர் திரும்பியதும் வேறு வேலைகள் அவரை இழுத்துக்கொண்டன. சென்னை ராஜதானி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் சபையின் துணைத் தலைவரானார். கோவில்களில் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். தன் தாயார் பிறந்த குலத்தின் கண்ணீர் அவருக்குத் தெரியாதா? 1930-ல் காந்திஜி கைது செய்யப்பட்டபோது சபைப் பதவியை ராஜினாமா செய்தார். அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். இவையெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டிய கதைகள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரி மட்டும் மனத்திலேயே இருந்தது.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் முத்துலட்சுமி தன் ஆசையை வெளியிட்டார். புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்றார். பலர் கேட்டுக்கொண்டார்கள். காரியம் நடக்கவில்லை.

சாகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியா?

நாடு சுதந்திரம் பெற்றது. முத்துலட்சுமிக்கு 60 வயது தாண்டிவிட்டது. ஓய்வு எடுக்க வேண்டிய வயதில் உண்டியல் எடுத்தார். 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பேரால் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார்.

சர்க்காரிடம் உதவி கேட்டபோது கிடைத்த பதிலை இன்றும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்கள். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் செத்துத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று அமைச்சர் ஒருவர் கேட்டாராம்.

தங்கையைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அக்காளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அமைச்சரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஊர் முழுவதும் அப்படித்தான் நினைத்தது. புற்று என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பார்கள். தொற்றிக்கொள்ளும் என்று தட்டை, டம்ளரைத் தனியாக வைப்பார்கள். பெண்ணுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். மலத்தில் இரத்தம் போகிறது என்று புருஷனிடம் சொல்லவே கூச்சப்பட்டுச் செத்தவர்கள் எத்தனை பேரோ! புற்று ஒட்டுவாரொட்டி அல்ல. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது.

முத்துலட்சுமி வீடு வீடாகப் படி ஏறினார். பணக்காரர்களிடம் கேட்டார், ஏழைகளிடமும் கேட்டார். மாதர் சங்கப் பெண்கள் கூடப் போனார்கள்.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு போய்ப் புற்றுநோய் வைத்தியம் கற்று வந்திருந்தார். தாயின் ஆசையைத் தன் தொழிலாக ஏற்றுக்கொண்டார்.

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறந்தது.

படுக்கைகள் எத்தனை தெரியுமா? 12.

உத்தியோகத்தை உதறிய சாந்தா

அடுத்த ஆண்டு ஓர் இளம் பெண் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். பெயர் சாந்தா. பெண்கள் நோய் வைத்தியத்தில் மேல்பட்டம் பெற்றவர். சர்க்கார் பெண்கள் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் தயாராக இருந்தது. நல்ல சம்பளம், நிம்மதியான வேலை. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, 12 படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வீட்டாரும் நண்பர்களும் புத்தி சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

1957-ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்து சேர்ந்தது. கத்தி எட்டாத இடத்துப் புற்றையும் வெளியிலிருந்தே தாக்கும் கருவி அது. தூர தூர ஊர்களிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். நம் கொங்குச் சீமையிலிருந்தும் ஈரோட்டில் ரயிலேறிப் போவார்கள். கையில் துணி மூட்டை, மனத்தில் பயம். பணம் இல்லாதவர்களுக்கும் அங்கே வைத்தியம் கிடைத்தது.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் முற்றியிருக்கும். அங்கே இங்கே பார்த்துவிட்டு, வேர் வைத்தியம் செய்துவிட்டு, நகையை விற்றுவிட்டுக் கடைசியாக வருவார்கள். ஆகவே நோய் வருமுன்பே சோதிப்பதிலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதிலும் அந்த ஆஸ்பத்திரி கவனம் செலுத்தியது. மலத்தில் இரத்தமோ சளியோ இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் போனாலும், மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறினாலும், பசி குறைந்து எடை இறங்கினாலும், பெண்ணுக்கு அடிவயிறு காரணமில்லாமல் பெருத்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மலக்குடலில் உள்ள கட்டியைப் பல சமயம் டாக்டர் உறை போட்ட விரலால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். சில நிமிட வேலைதான். கூச்சம்தான் குறுக்கே நிற்கிறது.

12 படுக்கையிலிருந்து

1956-ல் முத்துலட்சுமிக்கு இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. அப்போது அவருக்கு 70 வயது. விருதைப் பெற்ற பிறகும் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கேட்கப் படி ஏறுவதை அவர் நிறுத்தவில்லை.

1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி முத்துலட்சுமி காலமானார். 82 வயது நிறைய எட்டு நாட்களே பாக்கி இருந்தன.

ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பணத்துக்கு மனுக் கொடுக்கும் பெண்கள், பெயரைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ!

12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு ஆஸ்பத்திரியில் இப்போது 500-க்கு மேல் படுக்கைகள் இருக்கின்றன. கிருஷ்ணமூர்த்தி 2010-ல் மறைந்தார். சாந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி வீடும் கட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கிக்கொண்டார். 2021 ஜனவரி 19-ந் தேதி தன் 93-வது வயதில் இறக்கும் வரையில் அவருக்கு அதுதான் வீடு.